அக்காவின் செருப்பும் ராயப்பர் கோயில் வாசலும்

வரிசை நின்றதும் அக்கா குனிந்தாள்.

அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். அதைத் தடுப்பதற்காகத்தான் என்னை அவளோடு ரோமாபுரிக்கு அனுப்பியிருந்தார்கள். இடது செருப்பின் வாரை அவள் பிரிப்பதற்குள் நானும் குனிந்து அதன்மேல் கையை வைத்தேன்.

"கைய எடுடா."

"மாட்டேன்."

"வாசல் வந்துருச்சு. கோயிலுக்குள்ள செருப்போடவா போவாக?"

"முன்னாடி போறவுகளப் பாரு. எல்லாரும் அப்பிடித்தான் போறாக."

"அவுக வெள்ளக்காரவுக. கக்கூசுக்கும் அதே செருப்பு, பீடத்துக்கும் அதே செருப்பு. நம்மளும் அப்பிடியா?"

எங்களுக்குப் பின்னால் வேறு ஏதோ நாட்டுக் கூட்டம் ஒன்று பாடிக்கொண்டே வந்து முட்டியது. முன்னால் எங்கள் ஆட்கள் நகர்ந்துவிட்டார்கள். தலை நரைத்த இரண்டு பேர், மாதா பேராலயத்தின் புனிதக் கதவுக்குப் பத்தடி தள்ளி, ஒரு செருப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றோம். ஒழுங்குபடுத்த நின்ற இளம்பெண் அக்காவுக்கு ஏதோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்து ஓடிவந்தாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அக்கா நிமிர்ந்தாள். தண்ணீரை வாங்கிக் குடித்தாள். பாட்டிலை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்ப நான் வரல," என்று சொல்லிவிட்டு வரிசையை விட்டு வெளியே நடந்தாள்.

கோயிலுக்கு எதிரே உயரமான ஒரு தூண் உண்டு. உச்சியில் மாதா நிற்கிறாள். அதன் அடியிலிருந்த படியில் போய் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள். எங்கள் கூட்டம் உள்ளே போய், பூசை முடித்து வெளியே வரும்வரை அங்கேயே இருந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். எனக்கு உள்ளே போகவேண்டும் என்று ஒன்றும் இல்லை. தூணைச் சுற்றிப் புறாக்கள் மேய்ந்தன.

பாஸ்போர்ட் உள்ள ஆள்

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் படிப்பு எவ்வளவு என்பது தெரியும். எட்டாம் வகுப்பை முடிக்காமல் குமுளிக்குப் போகும் லாரியில் ஏறியவன் நான். ஏலத்தோட்டம், லாரிப் பட்டறை, மஸ்கட்டில் கட்டடத் தொழிலாளர்களுக்குச் சமையல் என்று சுற்றியதைப் போன வாரங்களில் எழுதிவிட்டேன். அப்படிப்பட்டவன் எப்படித் திருயாத்திரைக் கூட்டத்தில் சேர்ந்தேன் என்று கேட்டால், காரணம் பக்தி இல்லை. எங்கள் குடும்பத்தில் அக்காவைத் தவிர அப்போது கையில் பாஸ்போர்ட் வைத்திருந்த ஆள் நான் ஒருவன்தான்.

லூர்து அக்காவும் அந்தோணி மச்சானும்தான் போவதாக இருந்தது. யூபிலி ஆண்டு இருபத்தைந்து வருசத்துக்கு ஒருமுறை வரும். ரோமாபுரியில் நான்கு பெரிய கோயில்களில் சாதாரணமாக அடைத்தே கிடக்கும் ஒரு கதவை அந்த ஆண்டு மட்டும் திறந்து வைப்பார்கள். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, பூசையில் நன்மை வாங்கி, அதன் வழியே நுழைந்தால் பாவத்தின் தண்டனையெல்லாம் தீரும் பரிபூரணப் பலன். அதைத் தனக்கும் வைத்துக்கொள்ளலாம், செத்துப்போன ஒருவருக்கும் ஒப்புக்கொடுக்கலாம்.

"அடுத்த யூபிலிக்கு நம்ம இருக்க மாட்டோம், இப்பவே போயிருவோம்" என்று மச்சான்தான் ஆரம்பித்தார். உத்தமபாளையத்துக்கு மேற்கே அவருக்குத் திராட்சைத் தோட்டம். அறுவடை முடிந்த கையோடு கிளம்புவதாகத் திட்டம்.

அந்த அறுவடையிலேயே ஒரு மத்தியானம் பந்தலுக்கு அடியில் விழுந்துவிட்டார். பழம் வெட்ட வந்த பெண்கள் அடுத்த வரிசையில்தான் இருந்திருக்கிறார்கள். பார்த்து ஓடிவருவதற்குள் உயிர் போய்விட்டது. சாமியாரைக் கூப்பிட நேரம் இல்லை. சாகும் வேளையில் சாமியார் எண்ணெய் பூசி ஜெபிப்பாரே, அந்த அவஸ்தை பூசாமல் போய்விட்டார்.

அக்கா அழுததெல்லாம் இரண்டாவது விசயம். "அவஸ்த இல்லாமப் போயிட்டாகளே" என்பதுதான் அவள் வாயில் மாதக்கணக்கில் இருந்தது. பங்குச்சாமியார் வீட்டுக்கு வந்து, ஆண்டவருக்கு எல்லாம் தெரியும், கவலைப்படாதீர்கள் என்று பொறுமையாகச் சொன்னார். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அவர் போனதும் என்னிடம், "நான் ரோமாபுரிக்குப் போறேன். அந்தக் கதவு வழியா அவுகளக் கூட்டிட்டுப் போயி விட்டுட்டு வந்துர்றேன்" என்றாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வழியனுப்பப் போகிறவள் பேசுகிற மாதிரிதான் அதைச் சொன்னாள்.

முள் தெரியாத கால்

அக்காவைத் தனியாக அனுப்பாததற்குக் காரணம் அவளுடைய கால்.

அக்காவுக்கு வெகுநாளாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. சூடு தெரியாது, குத்தினால் தெரியாது. இரண்டு வருசத்துக்கு முன்னால் ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் சிலுவைப்பாதை சொல்லிக்கொண்டு கரடு ஏறினார்கள். வழக்கம்போல எல்லாரும் வெறுங்கால். கருவேல முள் ஒன்று அக்காவின் இடது காலில் ஏறி உள்ளேயே முறிந்துவிட்டது. அக்காவுக்குத் தெரியவே இல்லை. அந்தக் காலோடு தோட்டத்துக்குப் போனாள், தண்ணீர் பாய்ச்சினாள், வீடு கழுவினாள். கடைசியில் மகள் ஜெயாதான், வீட்டில் எலி எதுவும் செத்துக் கிடக்கிறதா என்று நாற்றத்தைத் தேடப்போய் அம்மா காலைக் கண்டுபிடித்தாள்.

தேனி ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலையும் அதற்கடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். டாக்டர் ஜெயாவிடம் சொன்னது இதுதான்: இனிமேல் இந்தக் கால் செருப்பில்லாமல் தரையில் படக்கூடாது, வீட்டுக்குள்ளும் படக்கூடாது. இன்னொரு புண் வந்தால் விரலோடு நிற்காது.

அதற்கென்று மெத்தென்ற அடிப்பாகம் வைத்த கறுப்புச் செருப்பு கொடுத்தார்கள். பின்பக்கம் வார் வைத்தது. அக்காவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. வீட்டில் போட்டுக்கொள்வாள். கோயில் வாசலில் மட்டும் கழற்றிவிடுவாள். மச்சான் இருந்தவரை அதற்கும் ஒரு வழி செய்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலிலிருந்து அவள் உட்காரும் இடம் வரைக்கும் முன்னாலேயே போய்க் காலால் துழாவிப் பார்த்துவிட்டு வருவார். கல், ஆணி, மெழுகுவர்த்திக் கம்பி எதுவும் கிடக்கிறதா என்று. பார்க்கிறவர்கள் அவர் ஏதோ சில்லறையைத் தொலைத்துவிட்டார் என்று நினைப்பார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் ஜெயா என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். தினமும் சாயங்காலம் அம்மாவின் இரண்டு பாதத்தையும் டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். விரலிடுக்கில் பார்க்கவேண்டும். குதிகால் வெடிப்பில் பார்க்கவேண்டும். ஈரம் இருந்தால் துடைக்கவேண்டும்.

"மாமா, அம்மாகிட்ட வலிக்குதான்னு கேக்காதீக. வலிக்கலம்பா. அது உண்மதான். அதுதான் பிரச்சினையே."

எனக்கும் ஒரு ஜோடி பழுப்பு நிற ஷூ வாங்கிக் கொடுத்தாள். "அங்கன கல்லு பாவின ரோடாம். நீங்களும் இந்த ரப்பர் செருப்போட போகாதீக."

சிக்கந்தர் பாய் கொடுத்த பை

மச்சானின் திராட்சையை வருசக்கணக்காக எடுத்துக்கொண்டிருந்தவர் சிக்கந்தர் பாய். உத்தமபாளையத்தில் கமிஷன் கடை. மச்சான் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் கடைசிவரை நின்றவர்களில் அவர் ஒருவர். நாங்கள் கிளம்புகிறோம் என்று தெரிந்ததும் வீட்டுக்கு வந்தார். அவர் ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர். கூட்டத்தில் போவதைப் பற்றி அவரிடம்தான் கேட்கவேண்டும்.

"ஏலே சவரி, நல்லாக் கேட்டுக்க. பெரிய பள்ளியோ பெரிய கோயிலோ, எல்லாம் ஒண்ணுதான். நொழையுற வாசல் வேற, வெளிய வர்ற வாசல் வேற. செருப்ப வாசல்ல விட்டேன்னா அது அங்கனயே இருக்கும், நீ வேற ஊர்ல நிப்ப. எனக்கு அப்பிடித்தான் ஆச்சு. தார் ரோட்டுல வெறுங்காலோட, வெயில்ல, ரூம்பு வரைக்கும் கோழி மாதிரி தாவித் தாவிப் போனேன்."

சொல்லிவிட்டு ஒரு துணிப்பையைக் கொடுத்தார். சுருக்குக் கயிறு வைத்தது. அக்காவின் செருப்பு அளவுக்குத் தைக்கச் சொல்லியிருக்கிறார்.

"செருப்பக் கழட்டவே கூடாதுங்குறாக பாய் டாக்டரு," என்றேன்.

"ஒங்க அக்காவ எனக்குத் தெரியும்டா. பைய வச்சுக்க."

அந்தப் பை யாத்திரை முழுக்க என் தோளில் தொங்கியது.

சமையல்கட்டுப் பேச்சு

மாதா கோயில் வாசலில் அக்கா திரும்பிப்போன அன்று சாயங்காலம், நாங்கள் தங்கியிருந்த இடத்தில் எங்கள் கூட்டத்துச் சாமியார் அவளை உட்காரவைத்துப் பேசினார். நம் பக்கத்துப் பங்குகளிலிருந்து நாற்பது பேருக்குக் கொஞ்சம் குறைவாகப் போயிருந்தோம். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். செருப்போடு நுழைவது பாவமே இல்லை, உடம்புக்கு முடியாதவர்கள் சக்கர நாற்காலியில்கூடப் போகிறார்கள் என்றார். அக்கா, "சரிங்க சாமி" என்றாள்.

அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்ததும், "அவுகளுக்கு என்ன, ஷூவப் போட்டுக்கிட்டே பூசை வைக்கிறாக. அவுகளுக்குத் தெரியுமா?" என்றாள்.

நான் தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தை மடியில் வைத்து டார்ச் அடித்தேன். புண் இல்லை. குதிகாலில் எண்ணெய் தடவினேன்.

"அக்கா, நாளன்னைக்கு ராயப்பர் கோயில். அதோட முடிஞ்சுச்சு. ஒனக்கு அந்தக் கதவு வேணுமா வேணாமா?"

"வேணும். ஆனா செருப்போட போனா அவுகளுக்குச் சேராது. செருப்புக்காலோட எவ போயி ஆண்டவருகிட்ட ஒண்ணு கேப்பா?"

"காலு போயிரும்க்கா."

"போனாப் போகுது. அவுக மோட்சத்துக்குள்ள போகமுடியாம உத்தரிக்கிற ஸ்தலத்துல நிக்கிறாகடா."

எழுந்து கீழே போனேன். எனக்கு யோசனை வராதபோது சமையல்கட்டு எங்கே இருக்கிறது என்று தேடுவது பழைய வழக்கம். அந்த விடுதியைக் கன்னியாஸ்திரிகள் நடத்தினார்கள். சமையல்கட்டில் இருந்த சிஸ்டர் மலையாளி, சங்கனாசேரிப் பக்கம். நான் மலையாளத்தில் பேசியதும் சந்தோசத்தில், "சேட்டன் உள்ளி அரியாமோ?" என்று வெங்காயமும் கத்தியும் கொடுத்துவிட்டார். மஸ்கட் கை இன்னும் மறக்கவில்லை. ஒரு கூடையை முடித்தேன்.

வெங்காயம் அரிந்துகொண்டிருக்கும்போதுதான் எங்கள் ஊர் வழக்கம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. ஒருவர் நேர்ந்துகொண்டதைச் செய்ய முடியாமல் போனால் கூடப்பிறந்தவர் செய்து முடிக்கலாம். எனக்குச் சின்ன வயதில் டைபாய்டு வந்து பிழைத்ததற்கு, நான் முழங்காலால் கோயிலைச் சுற்றுவதாக எங்கள் அம்மா நேர்ந்திருந்தாள். திருவிழா வந்தபோது நான் குமுளியில் லாரிக்கு அடியில் படுத்துக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன். அக்காதான் எனக்குப் பதிலாக முழங்காலால் சுற்றினாள். அதை ஊரில் யாரும் குறையாகச் சொல்லவில்லை. நேர்ச்சை தீர்ந்துவிட்டது என்று உப்பும் மிளகும் வைத்து முடித்தார்கள்.

மேலே ஓடினேன்.

"அக்கா, நீ செருப்போட வா. ஒனக்குப் பதிலா நான் கழட்டிட்டு வர்றேன். எனக்கு நேந்தத நீ செஞ்சேல்ல? இப்ப நான் செய்றேன். ஒன் காலுக்குப் பதில் என் காலு."

அக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சரி என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"நீ கடைசியாப் பாவசங்கீர்த்தனம் பண்ணுனது எப்ப?"

நான் சட்டையில் ஒட்டியிருந்த வெங்காயத் தோலைத் தட்டிவிட்டேன்.

"எனக்குத் தெரியும்டா. ஒன் கலியாணத்துக்கு முந்துன நாளு. அதுவும் மச்சான் ஒங் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி உக்கார வச்சாக. அதுக்கப்புறம் ஏது? அந்தக் காலு செல்லாதுடா. செல்லாத காலக் கொண்டுவந்து அவுகளுக்கு வைக்கிறியே."

சட்டப்படி அவள் சொன்னது சரிதான். பாவசங்கீர்த்தனம் இல்லாமல் பலன் இல்லை என்று விடுதிச் சுவரிலேயே பல மொழியில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

"பண்ணுனா?"

"பண்ணுனா, நான் செருப்போட வர்றேன்."

ஏலத்துக்கு என்ன விலை

எங்கள் கூட்டத்துச் சாமியாரிடம் போக எனக்கு இஷ்டமில்லை. நல்ல மனுசர்தான். ஆனால் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, மறுநாள் அதே பஸ்ஸில் அவருடைய பின்மண்டையைப் பார்த்துக்கொண்டே ஊரைச் சுற்ற முடியாது. தவிர அவர் எங்கள் பள்ளத்தாக்குக்காரர். நான் சொல்கிற கதையில் வருகிற ஆட்கள் பாதிப்பேரை அவருக்குத் தெரியும்.

காலையில் சமையல்கட்டு சிஸ்டரிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அங்கே படிக்க வந்திருந்த மலையாளிச் சாமியார் ஒருவர் அந்த விடுதிக்குத் தினமும் பூசை வைக்க வருவார். அவரைப் பிடித்துப் பின்பக்கத் தோட்டத்தில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார். எலுமிச்சை மரம் ஒன்று தொட்டியில் நின்றது. சாமியாருக்கு என் மகன் வயதுதான் இருக்கும்.

"சேட்டன் எவிடயா?"

"கம்பம் பக்கம்."

அவர் முகம் மாறிவிட்டது. அவருக்குக் கட்டப்பனை. கம்பம்மெட்டு இறங்கினால் எங்கள் ஊர், ஏறினால் அவர் ஊர். அவருடைய அப்பாவுக்கு ஏலத்தோட்டம்.

"ஏலத்தினு இப்போ எந்தா விலை?" என்று கேட்டார். போடிச் சந்தையில் ஏலக்காய் கடைசியாகப் போன விலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். பிறகு அவர் கழுத்தில் ஊதாப் பட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். ஆரம்பிக்கவேண்டியதுதான்.

மலையாளத்தில் இதற்குக் கும்பசாரம் என்று பெயர். என்னுடைய மலையாளம் தோட்டத்திலும் லாரிப் பட்டறையிலும் கற்றது. அதில் வேலை வாங்கலாம், சண்டை போடலாம், டீ கேட்கலாம். பாவத்தைச் சொல்ல நல்ல வார்த்தைகள் என்னிடம் அதிகம் இல்லை. இருந்த வார்த்தைகளை வைத்துச் சொன்னேன். ஓரிடத்தில் அவர் கண்ணைத் திறந்து, அந்த வார்த்தையை மட்டும் தமிழில் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. கேட்கவேண்டியவர் கேட்டுவிட்டார். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லும்படி அபராதம் கொடுத்தார். நான் இன்னும் பெரிதாக எதிர்பார்த்திருந்தேன்.

மேலே போய் அக்காவிடம் சொன்னேன்.

"மலையாளத்துலயா சொன்ன?" என்று சந்தேகமாகக் கேட்டாள். "சேருமாடா?"

"பாதிப் பாவம் அங்கனதானக்கா பண்ணுனது."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சான் போன பிறகு அவள் சிரிப்பு மாதிரி ஒன்றை நான் பார்த்தது அப்போதுதான்.

வாசல்

ஆண்டவரின் தலைமைச் சீடரான ராயப்பரின் கோயிலுக்குப் போன அன்று காலையில் தூறல். கோயிலுக்கு நேரே போகிற அகலமான தெருவில் யாத்திரைக்காரர்களுக்கென்று தனி வழி விட்டிருந்தார்கள். கூட்டத்துக்கு ஒரு மரச்சிலுவையைக் கொடுத்து, அதைத் தூக்கிக்கொண்டு ஜெபம் சொல்லியபடி நடக்கச் சொல்கிறார்கள். எங்கள் ஆட்கள் முறைபோட்டுத் தூக்கினார்கள். எங்கள் ஊர்ச் சப்பரப் பாட்டைப் பாடினார்கள். முன்னால் போன கூட்டம் ஒன்று திரும்பித் திரும்பிப் பார்த்தது. விமான நிலையத்தில் நடப்பது மாதிரி ஒரு சோதனை. அதைத் தாண்டினால் முற்றம், படிகள், பிறகு பெரிய தூண்கள் நிற்கும் முன்மண்டபம். அதன் வலது கோடியில் அந்தக் கதவு.

அக்கா நிமிர்ந்து அதைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள்.

"கழட்டு," என்றாள்.

ஒரு தூணோரம் ஒதுங்கி ஷூவைக் கழற்றினேன். காலுறையையும் உருவி அதற்குள் திணித்தேன். கல் சில்லென்று இருந்தது. நனைந்தவர்கள் நடந்து நடந்து ஈரமாகியிருந்தது. வரிசை நகர்ந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கறுப்புச் செருப்பு ஒவ்வொரு அடிக்கும் கீச்சிட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் முகம் சுளித்தாள்.

எனக்கு அந்த நேரத்தில் மச்சான் ஞாபகம்தான். ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. என் கால் தானாகவே முன்னால் தரையைத் துழாவிக்கொண்டு போயிருக்கிறது. கல், ஆணி, கம்பி எதுவும் இல்லை. நல்ல சுத்தமான தரை.

கதவுக்கு வந்ததும் அக்கா நின்றாள். கதவின் நிலையில் கையை வைத்தாள். பின்னால் வந்தவர்களும் தங்கள் முறைக்காக அப்படித்தான் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் உதடு அசைந்தது. மச்சானின் பெயரை மட்டும் சத்தமாகச் சொன்னாள், வீட்டுக்கு வெளியே நிற்கிறவரை உள்ளே கூப்பிடுகிற மாதிரி.

"ஏங்க, வாங்க. அந்தோணி, வாங்க."

உயிரோடு இருந்தவரை அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஆள் மாறிவிடக்கூடாது என்று நினைத்திருப்பாள்.

உள்ளே போனோம். எனக்கு விசேசமாக ஒன்றும் தோன்றவில்லை. உள்ளங்கால் குளிர்ந்தது, அவ்வளவுதான். அக்கா வலப்பக்கம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மாதா சிலையின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். மாதா தன் மடியில் மகனைக் கிடத்தியிருந்தாள். "அவளுக்காச்சும் மடியில வச்சிருக்கக் கெடச்சுச்சு," என்றாள்.

நடுவில் ராயப்பரின் பழைய வெண்கலச் சிலை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. காலம் காலமாக வந்தவர்கள் தொட்டும் முத்தம் வைத்தும் அவருடைய ஒரு பாதம் தேய்ந்து, விரலெல்லாம் ஒன்றாகி வழவழவென்று இருந்தது. அன்றைக்கு யாரையும் தொடவிடவில்லை. அக்கா கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"ராயப்பருக்கும் வெரலு போயிருச்சேடா."

"சனம் தொட்டுத் தொட்டுத் தேஞ்சது."

"எனக்குச் சக்கர. அவருக்குச் சனம்," என்றாள்.

கல் பாவிய தெரு

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோதுதான் என் காலைக் குனிந்து பார்த்தேன்.

ஷூவைத் தூணோரம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். சிக்கந்தர் பாயின் பை என் தோளில் காலியாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினால் கால் அதை அங்கேயே விட்டுவிட்டுத்தான் போகும். அது மூளை செய்கிற வேலை இல்லை. ஐம்பது வருசமாக அப்படித்தான் பழகியிருக்கிறது. எங்கள் ஊரில் பூசை முடிந்து வந்தால் அதே இடத்தில் இருக்கும். மிஞ்சிப்போனால் வேறொருவன் மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருப்பான்.

நாங்கள் வெளியே வந்தது இடது பக்கம். கதவு வலது கோடியில். நடுவில் தடுப்பு. நான் தடுப்பின்மேல் எட்டிப் பார்த்தேன். தூரத்தில், தூணோரத்தில் என் பழுப்பு ஷூ தெரிந்தது. அதற்கு எதிரே ஒரு காவலர் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு அதையே பார்த்தார். இன்னொருவர் வந்தார். ஒருவர் கையிலிருந்த ரேடியோவில் ஏதோ சொன்னார். ஆளில்லாத ஷூவை அவர்கள் ஊரில் அப்படித்தான் பார்ப்பார்கள் போலிருக்கிறது. நான் கையை ஆட்டி, என் காலைக் காட்டி, "அது என்னுது, என்னுது" என்று தமிழில் கத்தினேன். தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற இளைஞன் என் வெறுங்காலைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். நான் பெரிய தபசு செய்கிறேன் என்று நினைத்துவிட்டான்.

அக்காவுக்கு அப்போது சிரிப்பு வந்தது. இந்தத் தடவை வாயைப் பொத்தவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"பாய் சொன்னாகள்ல? சொன்னாகளா இல்லையா?"

"ஒனக்காகத்தான் கழட்டுனேன்."

"கழட்டச் சொன்னேன். விட்டுட்டு வரச் சொன்னேனாடா கூறுகெட்டவனே?"

பஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது. அந்த ஊர்த் தெருவில் கையளவுக் கறுப்புக் கற்களை நெருக்கமாகப் பதித்திருக்கிறார்கள். பார்க்க அழகு. வெறுங்காலோடு நடந்தால் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரியும். மழை ஈரம், சிகரெட்டுத் துண்டு, பாட்டில் மூடி. என் கால் குமுளி மலையெல்லாம் ஏறிய கால்தான். ஆனால் அது பழைய கதை. செருப்பும் மொசைக் தரையும் பழகி அது எப்போதோ மெத்தென்று ஆகிவிட்டது.

அக்கா எனக்கு முன்னால் நடந்தாள். இரண்டு அடிக்கு ஒருமுறை செருப்புக்காலால் தரையைத் துழாவினாள். ஒரு கண்ணாடிச் சில்லை ஓரமாகத் தள்ளினாள். "இங்கன மிதிக்காத. இந்தப் பக்கமா வா," என்று கையைக் காட்டிக்கொண்டே போனாள். எங்கள் கூட்டத்தில் யாரோ, "அக்கா என்னத்தத் தொலைச்சீக?" என்று கேட்டார்கள். அவள் அடுத்த கல்லைத் துழாவினாள்.

விடுதிக்கு வந்ததும் வழக்கம்போல டார்ச்சை எடுத்தேன். அவள் அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"உக்காரு."

"மொதல்ல ஒன் காலப் பாக்கணும். ஜெயா கேப்பா."

"உக்காருடா."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அக்கா தரையில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்தாள். ஈரத் துணியால் துடைத்தாள். விரலிடுக்கில் பார்த்தாள். குதிகாலில் ஒரு சின்னக் கல் ஏறியிருந்தது. அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"வலிக்குதாடா?"

"வலிக்குதுக்கா."

அவள் என் காலை மறுபடி இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டார்ச்சைக் கிட்டத்தில் கொண்டுபோனாள்.

"நல்ல காலு," என்றாள். "செல்லும்."